ஊர்ப்பெயர் பெற்ற வைனும் பெயரற்ற கள்ளும்

தென் பிரான்சின் சிவப்பு வைனைப் பற்றிப் பேசும்போது நம்மவர் குரலில் ஒரு பக்தி வந்துவிடுகிறது. 1782இல் திருகோணமலைத் துறைமுகத்தைப் பீரங்கிகளோடு வந்து கைப்பற்றிய சுஃப்ரன், தென் பிரான்சின் புரோவென்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். இன்று அவருடைய நாட்டு வைன் பீரங்கி இல்லாமலே இங்கே வென்றுவிடுகிறது. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் மூன்று நான்கு திராட்சை வகைகள் கலந்த, சில ஆயிரம் போத்தல்களே வெளிவரும் வைனின் பெருமையை விளக்குவார், மேசையே தலையாட்டும். அங்கே ‘கள்’ என்று சொல்லிப் பாருங்கள், முகங்கள் சுளிக்கும். அந்தச் சுளிப்பைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

அந்தக் கலவை ஏழை உழவனின் தந்திரம். கிரெனாஷ் வலுவைத் தரும், சிரா நிறத்தைத் தரும், மூர்வேத்ர் துவர்ப்பைத் தரும். ஓராண்டு ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். லாங்டொக் பகுதியின் வைன் நெடுங்காலம் கூலித் தொழிலாளரின் மலிவுக் குடியாகவே இகழப்பட்டது.

சீனியும் தண்ணீரும் கலந்த போலி வைன் சந்தையை நிறைத்து விலை வீழ்ந்தபோது, 1907இல் அங்குள்ள சிறு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். மார்சலின் அல்பேர் என்ற சிற்றூர்க்காரர் தலைமை தாங்கினார். ஜூன் 9ஆம் திகதி மொன்பெலியே நகரில் பல இலட்சம் பேர் திரண்டனர். நார்பொன் நகரில் இராணுவம் சுட்டதில் பொதுமக்கள் இறந்தனர். அதே மாத இறுதியில் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. எந்த நிலத்து வைனுக்கு எந்த ஊரின் பெயரை இடலாம் என்பதை முறைப்படுத்தும் ஏற்பாடு 1935இல் சட்டமானது. போத்தலில் நாம் வியந்து வாசிக்கும் ஊர்ப்பெயருக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

நம் நாட்டிலும் சீனி கலந்த செயற்கைக் கள் அடிக்கடி செய்தியாகிறது. அதனால் வயிற்றில் அடிபடுகிறவர் மரமேறும் தொழிலாளி. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமோ மரத்தை வருமானமாகவும் குற்றமாகவுமே பார்க்கிறது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. ஆயினும் மூதூர்ப் பனங்கள் என்றோ வடமராட்சிப் பனங்கள் என்றோ சட்டம் காக்கும் ஒரு பெயர் நம்மிடம் இல்லை. வழி இல்லாமலும் இல்லை. 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய பாதுகாப்பை வழங்கியது.

கள் ஒரே நாளில் புளித்துவிடும், வைன் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் போத்தலில் அடைத்த பனங்கள்ளும் இங்கு விற்பனைக்கு வந்திருக்கிறதே! குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பார்கள். அதையும் மறுக்கவில்லை. குடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ஐந்து வீத மதுசாரம் கொண்ட கள்ளுக்குப் பொருந்தும் நீதி, பதினான்கு வீத வைனுக்கும் பொருந்த வேண்டாமா?

உண்மையான காரணம் சாதி. நாம் இழிவாகப் பார்ப்பது பானத்தை அன்று, அதை இறக்குகிறவரை. அவருடைய பிள்ளைகள் அத்தொழிலை விட்டு ஓடுவதில் வியப்பென்ன?

அடுத்த விடுமுறைக்கு வருவோரிடம் ஒரு வேண்டுகோள். போத்தலோடு 1907இன் கதையையும் கொண்டு வாருங்கள். விடுதியில் கள் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், எந்த ஊர்க் கள், இறக்கியவர் யார் என்றும் கேளுங்கள்.