நின்ற இன்ஜின் நல்ல இன்ஜினா?

"ரொம்ப ஓடலீங்க, சும்மாதான் நின்னுச்சு." பழைய படகு இன்ஜின் விற்கிறவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் இது. கேட்கிறவர் முகம் உடனே மலர்ந்துவிடும். ஓடாதது தேயாதது என்ற நம்பிக்கை பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் மட்டுமல்ல, நாடு முழுக்க இருக்கிறது. கார் வாங்குகிறவரும் முதலில் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார். அந்த நம்பிக்கை தவறு. கடற்கரையில் அது ஆபத்தும்கூட.

கோட்டைக்குப்பத்திலோ வைரவன்குப்பத்திலோ மாதக்கணக்கில் மணலில் கிடக்கும் அவுட்போர்டு இன்ஜின் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல்மூடி பளபளக்கும். அதைக் கழற்றினால் அலுமினியப் பாகங்களில், போல்ட் ஓரங்களில், வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உப்புக்காற்று தின்ற இடம் அது. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகித் துளைகளை அடைத்திருக்கும். குளிர்நீர் ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே விறைத்திருக்கும். கியர் ஆயிலை வடித்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில் வரும்; சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஓடுகிற இன்ஜினில் சூடு ஈரத்தை விரட்டுகிறது, ஆயில் பாகங்களை நனைத்துக்கொண்டே இருக்கிறது. நிற்கிற இன்ஜினுக்கு அந்தக் காப்பு இல்லை. இங்கே நிற்பதற்கோ காரணங்களுக்குப் பஞ்சமில்லை: முகத்துவாரம் மண்மூடிப்போகும், புயல் எச்சரிக்கை வரும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவினால் கடலுக்குப் போகத் தடை.

படித்தவர்களும் கோடீஸ்வரர்களும் இதே நம்பிக்கையில் விழுகிறார்கள். பீச்கிராஃப்ட் கிங் ஏர் போன்ற இரட்டை டர்போப்ராப் விமானத்தைப் பழையதாக வாங்கும்போது, குறைவாகப் பறந்தது என்பதே பெரிய தகுதியாகிவிடுகிறது. ஆனால் அதன் பி.டி.6 இன்ஜினைத் தயாரிக்கும் நிறுவனம், ஒரு வாரம், 28 நாள், 90 நாள் என்று நின்ற காலத்துக்கேற்பத் தனித்தனிப் பாதுகாப்பு முறைகளை வகுத்திருக்கிறது. உப்புக்காற்றில் இயங்கினால் கம்ப்ரஸரை அன்றாடம் நன்னீரால் கழுவச் சொல்கிறது. புரொப்பெல்லருக்குப் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை ஆண்டு என்ற கெடு உண்டு. காற்றழுத்தம் ஏற்றும் கேபினுக்குப் பறந்த மணிக்கணக்கு மட்டும் போதவே போதாது. 1988இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்துபோனது. அது பறந்திருந்தது சுமார் 35 ஆயிரம் மணி நேரம். தீவுக்குத் தீவு குறுந்தூரப் பயணம் என்பதால் கேபின் அழுத்தம் 89 ஆயிரம் முறைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது, அதுவும் கடற்காற்றில்.

2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் ஒரு கிங் ஏர் சி-90 விழுந்தது. அலகாபாத்தில் விபத்துக்குள்ளான பிறகு உத்தரப் பிரதேச அரசு விற்றுவிட்ட விமானம். பல ஆண்டுகள் பறக்காமல் கிடந்து, பழுதுபார்க்கப்பட்டு, சோதனைக்காக ஜுஹுவிலிருந்து கிளம்பியது. உள்ளே இருந்த நால்வரும், தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். விழுந்ததற்கான பழியை இன்ஜின்மேல் போட இதைச் சொல்லவில்லை. நெடுநாள் நின்ற இயந்திரத்தைப் புதிதாகச் சோதித்தே தீரவேண்டும், அந்தச் சோதனையில் மனிதர்கள் ஏறி உட்காரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். விமானத்துக்காவது பொறியாளர் கையெழுத்து, சோதனைப் பறப்பு என்று சட்டம் இருக்கிறது. நம் மீனவருக்கு முகத்துவாரத்து அலைதான் சோதனைக்களம். அங்கே இன்ஜின் அணைந்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

புதிது வாங்கக் காசு எங்கே என்று கேட்பது நியாயம். பழையதே வாங்குங்கள். ஆனால் நேற்றுவரை கடலுக்குப் போய்வந்த, தினமும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவிய இன்ஜினை வாங்குங்கள். அதிகம் ஓடியிருந்தாலும் பரவாயில்லை. விற்கிறவர் "ஓடவே இல்லை" என்றால், எத்தனை மாதம் நின்றது, எங்கே நின்றது, நிறுத்துமுன் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் கியர் ஆயிலை வடிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.