கொண்டை ஊசின்னா சிரிப்பா?

கொண்டை ஊசி வளைவு! ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மலை ரோட்டுக்கு வைத்த பேரா, வளையல் கடையில் கேட்கும் சாமானா என்று சந்தேகம் வரும்.

சேலத்தில் இருந்து அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறினால் இப்படி 20 வளைவு. பஸ்சில் வரும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரும். "கொண்டை எங்கேப்பா, ஊசி எங்கேப்பா?" என்று கேட்டு அப்பன்மாரைத் திணற அடிக்கும். வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. அடேயப்பா, எத்தனை கொண்டை!

வெள்ளைக்காரன் 'ஹேர்பின்' என்றான். தாமரசேரி சுரத்தில் மலையாளிகள் 'ஹேர்பின் வளவு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்ம ஆள் விடவில்லை. பின்னை ஊசியாக்கி, கொண்டையிலும் செருகிவிட்டான். இப்போது கொண்டை போடுகிற பெண்கள் குறைவு. கிளிப்பும் ரப்பர் பேண்டும் வந்தாச்சு. ஊசி மட்டும் மலையில் குத்தி நிற்கிறது.

ஆனால் பேரில் பொய் இல்லை. அந்த ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். போன கம்பி மடங்கி, வந்த பக்கமே திரும்புகிறது. ரோடும் அப்படித்தான். செங்குத்தான மலையில் நேராக ஏற எந்த வண்டிக்கும் தம் கிடையாது. அதனால் மடக்கி மடக்கிப் போட்டார்கள். திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது.

வினை அங்கேதான். 2024 ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. உயிர்கள் போயின. அன்றைக்கு அந்தப் பேரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

மழைக்கு மண் சரிந்து அந்தப் பாதை அடைபட்டால், வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்புகிறார்கள். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏற வேண்டும். அங்கேயும் வளைவுகள் உண்டு. வெளியூர் டிரைவர்களுக்குப் பழக்கம் இல்லாத ரோடு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது.

ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். குறுகலான மலை ரோட்டில், இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. வளைவுக்குப் பேரும் நம்பரும் எழுதினால் பத்தாது. இந்த இரண்டையும் குப்பனூர் அடிவாரத்திலேயே, ஓடுகிற வண்டியில் இருந்து படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு பலகையும் ஒரு டப்பா பெயிண்டும்தானே செலவு?