சாப்டாச்சான்னு மட்டும் கேக்காதீங்க

சென்னையில் இருக்கும் மகன் தினமும் போன் போட்டு "அப்பா, சாப்டாச்சா?" என்பான். பெரியப்பாவும் ஆறு மாசமா "ஆச்சுப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட்டது அரை டம்ளர் கஞ்சி.

எழுபத்திமூணு வயசு. போன வருஷ அறுவடை வரைக்கும் வயலில் நின்ற மனுசன். முதலில் சோறு தொண்டையில் நிக்குதுன்னு தண்ணி குடிச்சு இறக்கினார். அப்புறம் இட்லியும் இறங்கல. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதுன்னு திண்ணைச் சுவரில் சாய்ந்து உக்காந்தே தூங்கினார். வயசாச்சுல்லன்னு நாங்களும் விட்டுட்டோம். அவரோ புத்துநோய்தான்னு தானே முடிவுகட்டி, பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாதுன்னு வாயே திறக்கல.

ஒருநாள் டீ குடிக்கும்போது புரையேறி, மூச்சு இழுக்க முடியாம முகம் நீலமாயிடுச்சு. அப்போதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார் டாக்டர். கழுத்தெலும்பு ஏழில் மூணு நாலு எலும்புகள் முன்பக்கமாகக் கிளிமூக்கு மாதிரி வளர்ந்திருந்தன. அதை ஒட்டித்தான் உணவுக்குழாய் இறங்குது. அதுக்கு முன்னாடி மூச்சுக்குழாய். எலும்பு பின்னாலிருந்து தள்ளினால் முதலில் சோறு நிக்கும். ரொம்பத் தள்ளினால் மூச்சும் அடைக்கும். இது புதுசா வந்த நோயும் இல்லை. 1950லேயே ஃபாரஸ்டியே என்ற பிரெஞ்சு மருத்துவர் இன்னொருவரோடு சேர்ந்து இதை விவரித்து எழுதியிருக்கிறார். வயசான ஆண்களுக்கும் சர்க்கரை உள்ளவங்களுக்கும் அதிகம் வரும். பலருக்கு எந்தத் தொந்தரவும் தராது.

ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, புத்து இல்லைன்னு உறுதி செய்தாங்க. சிலருக்கு மாத்திரை, குழைந்த சாப்பாடு, முழுங்கும் பயிற்சியே போதுமாம். பெரியப்பாவுக்கு மூச்சையும் அடைச்சதால் ஆபரேஷன் செய்து எலும்பைச் செதுக்கி எடுத்தாங்க. முழுங்குறது சரியாக ரெண்டு மாசம் ஆச்சு.

தொண்டையில் நிக்குதுன்னாலே இந்த எலும்புதான்னு சொல்ல வரல. புத்தாகவும் இருக்கலாம். அதனால்தான் சீக்கிரம் காட்டணும்னு சொல்றேன். பயந்து மறைச்ச ஆறு மாசத்தில் அவர் உசுரே போயிருக்கும்.

ஊரில் பெரியவங்க தானா சொல்ல மாட்டாங்க. நாமதான் கேட்கணும். அடுத்த தடவை போன் போட்டா, "சோறு சிரமமில்லாம இறங்குதாப்பா? படுத்துத் தூங்குறீங்களா? வேட்டி இடுப்புல நிக்குதா?" என்று கேளுங்க. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்க. பக்கத்தில் இருந்தும் நாங்க கேட்கல. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கு.