வெயிலுக்குக் களிம்பா, வெளுப்புக்குக் களிம்பா?



பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி திடலுக்கு வராமல் தூணோரம் ஒதுங்கி நின்றாள். நன்றாக ஓடக்கூடியவள். காரணம் கேட்டேன். "வெயில்ல நின்னா கறுத்துப் போயிடுவேனாம் டீச்சர்" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துக் காட்டினாள். சந்தையில் வாங்கிய களிம்பு. பூசினால் வெயிலும் தாக்காதாம், நிறமும் வெளுக்குமாம். டப்பாவின்மேல் தயாரித்தவர் பெயரும் இல்லை. பதிவு எண்ணும் இல்லை.

அவளைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இல்லை. "நிழலுக்கு வா, கறுத்துவிடப் போகிறாய்" என்று நானே எத்தனையோ மாணவிகளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். வேடிக்கை என்று நாம் வீசும் சொல், பிள்ளைகளின் நெஞ்சில் பாடமாகத் தங்கிவிடுகிறது.

வெயிலிலிருந்து தோலைக் காப்பது வேறு. தோலின் நிறத்தை மாற்ற முயல்வது வேறு. இவ்விரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து விற்பதுதான் நம்மிடையே உள்ள குழப்பத்தின் வேர் என்பது என் கருத்து.

காப்பு நமக்குத் தேவையே. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் உள்ளது. புற ஊதாக் குறியீடு 3-ஐ எட்டினாலே காப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இங்கோ, வானம் தெளிந்த நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது இயல்பு.

"கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்பார் சிலர். அது பாதி உண்மை. மெலனின் என்னும் நிறமி நமக்கு இயற்கை அளித்த குடை. அதனால் வெயிலில் தோல் வெந்து சிவப்பதும், வெயிலால் வரும் தோல் புற்றுநோயும் நம்மிடையே குறைவு. ஆயினும் மங்கு, பருத் தழும்பு, கரும்புள்ளி ஆகியவை நம் தோலில்தான் அழுத்தமாகவும் நெடுநாளும் தங்குகின்றன. இவற்றைப் புற ஊதாக் கதிர்கள் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுகிறது.

தோல் வகைகளைப் பிரிக்கும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ஆம் ஆண்டு வகுத்தார். தொடக்கத்தில் அது வெள்ளைத் தோலுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. அதே 1975-இல்தான் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்பனைக்கு வந்தது. 2020-இல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' நீங்கியது. பெயர் மாறியது, நம் மனம் மாறியதா?

சரி, எதை வாங்குவது? எஸ்பிஎஃப் என்னும் எண் புற ஊதா 'பி' கதிரைக் குறித்தது. எஸ்பிஎஃப் 30 அக்கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கும். எண் பெருகுவதற்கேற்பக் காப்பு பெருகுவதில்லை. ஆகவே 30-க்குக் குறையாமல் இருந்தால் போதும். 'பிஏ' என்பதன் அருகிலுள்ள கூட்டல் குறிகள் 'ஏ' கதிருக்கு உரியவை. மூன்று அல்லது நான்கு குறிகள் இருப்பது நன்று.

எண்ணெய் வடியும் தோலுக்குக் கூழ் போன்ற இலேசான களிம்பு பொருந்தும். வறண்ட தோலுக்குக் குழைவான கிரீம் ஏற்றது. எளிதில் அரிக்கும் தோலுக்கும் பிள்ளைகளுக்கும் துத்தநாக ஆக்சைடு கலந்தது உகந்தது. ஆனால் அது நம் முகத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள களிம்பைத் தேடலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். முகத்திற்கும் கழுத்திற்கும் இரு விரல் நீளம் பிதுக்கி எடுத்துப் பூச வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், வியர்த்த பின்னும் மீண்டும் பூச வேண்டும். கடுகளவு தடவினால் அட்டையில் உள்ள எண்ணுக்குப் பொருளில்லை.

எதை வாங்கக் கூடாது என்பது அதனினும் முக்கியம். மலேசியாவில் விற்கப்படும் அழகுப் பொருளுக்கு, தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் 'நோட்' எனத் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளை அந்நிறுவனம் பலமுறை பெயர் சொல்லித் தடுத்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில், இத்தகைய களிம்பு பூசியவர்களிடம் சிறுநீரக நோய் கண்டதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நிறத்திற்காகச் சிறுநீரகத்தை விலை பேசலாமா?

களிம்பு வாங்க இயலாத குடும்பங்கள் உண்டு என்பதை நான் அறிவேன். தோட்டப்புறத்தில் நம் பாட்டிமார் நீண்ட கைச்சட்டையும் தலைத்துணியுமாக வேலைக்குப் போனார்கள். அது இன்றும் நல்ல காப்பே. பள்ளிகளும் ஒன்று செய்யலாம். 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்தள்ளப்பட்டது. ஆகவே ஜொகூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணியளவில். பதினொன்றிலிருந்து மூன்று வரை திடலைத் தவிர்த்தாலே பாதிக் காப்பு கிடைத்துவிடும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

நாங்கள் பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டோம். தாயார் பள்ளிக்கு வந்தார். பேசினோம், டப்பா குப்பைக்குப் போனது. மறுவாரம் அவள் தொப்பியோடு வந்து ஓடினாள். "கறுத்தா பரவாயில்லையா டீச்சர்?" என்று இடையில் ஒருமுறை கேட்டாள். "கறுப்பு உன் நிறம்மா, நோய் இல்லை" என்றேன்.

அவள் முழுதாக நம்பியதாகத் தோன்றவில்லை. நம்பும்வரை சொல்வது ஆசிரியர்களாகிய நம் கடமை. வீட்டில் அதைக் கெடுக்காமல் இருப்பது பெற்றோரின் கடமை.