புதைக்காத புதையல்

சும்மா நடக்க வா என்றழைத்தாற் பிள்ளைகள் கால் நோகிறதென்பர். ஒளித்து வைத்த பொருளைத் தேட வா என்றாலோ பெற்றோருக்கு முன்னே ஓடுவர். இவ்வியல்புக்கு நன்கு பொருந்திய விளையாட்டொன்று ஜியோகாஷிங் என்னும் பெயரால் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. ஒருவர் காட்டிலோ பூங்காவிலோ ஒரு சிறு பெட்டியை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவிப்பார். ஏனையோர் செய்மதிகளின் துணைகொண்டு அதனைத் தேடிச் செல்வர்.

அமெரிக்கச் செய்மதிகளின் சைகைகளிற் பொதுமக்கள் பெறுபவை முன்னர் வேண்டுமென்றே பிழைபடுத்தப்பட்டிருந்தன. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்க, 100 மீற்றர் வரை இருந்த பிழை ஒரே இரவிற் பெரிதும் குறைந்தது. அதனைச் சோதிக்க விரும்பிய டேவ் உல்மர் என்பார், மே 3ஆம் நாள் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்தார். விளையாட்டு அவ்வாறு தொடங்கிற்று.

இனி, இதற்கேற்ற ஒரு காட்டுக்குச் செல்வோம். இலண்டனின் வடகிழக்கே, மனோர் பார்க் அயலிலிருந்து எப்பிங் நகரின் வடக்குவரை, ஏறக்குறைய 19 கிலோமீற்றர் நீளத்துக்கு எப்பிங் காடு பரந்துள்ளது. ஈஸ்ட்ஹாம், இல்போர்ட், வோல்தம்ஸ்ரோ முதலிய இடங்களிற் குடியேறிய நம்மவர் பலருக்கு இஃது அயற்காடு.

சிங்போர்ட் புகையிரத நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், இக்காட்டைச் சேர்ந்த போல் ஹில் என்னும் குன்றை அடையலாம். அங்குள்ள கற்றூண், கிரீனிச் வானாராய்ச்சி நிலையத் தொலைநோக்கிக்கு நேர்வடக்கைக் காட்டுமாறு 1824இல் நாட்டப்பட்டது. நெட்டாங்கு பூச்சியம் என்று படித்த மாணவன் அத்தூணருகே கைத்தொலைபேசியைப் பார்த்தால் வியப்படைவான். 1884இல் உலகம் ஏற்ற கோடு தூணுக்குச் சில மீற்றர் கிழக்கே செல்கிறது. பூமியின் மையத்தைக் கொண்டு கணிக்கும் செய்மதிகளின் பூச்சியக் கோடோ அதற்கும் ஏறக்குறைய 100 மீற்றர் கிழக்கே உள்ளது. பாடப் புத்தகத்தின் கோடு காலின் கீழ் நகரும் இவ்விந்தை எளிதில் மறவாது.

கணக்கும் இங்கே உண்டு. அகலாங்கில் ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர். பெட்டியின் இடம் கலையின் ஆயிரத்திலொரு பங்குவரை குறிக்கப்படும். அஃதாவது இரண்டு மீற்றருக்கும் குறைவு. ஆயினும் அடர்ந்த இலைகளின் கீழ்ச் சைகைகள் வலி குன்றிப் பல மீற்றர் பிழை காட்டும். அவ்விடத்திற் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை நம்புதல் வேண்டும். அப்பொழுதுதான் விறகுக்காகக் கிளை தறிக்கப்பட்டுத் தறிக்கப்பட்டுப் பருத்து நிற்கும் முதிய பீச் மரங்களும், அவற்றின் பொந்துகளும் காளான்களும் பிள்ளைகளின் பார்வைக்குப் புலனாகும்.

செல்லுமுன் சில ஆயத்தங்கள் வேண்டும். தேடுதற் கடினமும் வழியின் கடினமும் 1 முதல் 5 வரை மதிப்பிடப்பட்டிருக்கும். சிறுவருடன் செல்வோர் குறைந்த எண்ணையே தெரிக. சேற்றுக்கேற்ற சப்பாத்தும் ஒரு பேனையும் மாற்றிவைக்கச் சில சிறு பொருள்களும் போதும். பெட்டியிலுள்ள ஏட்டிற் பெயரையும் திகதியையும் எழுதுக. ஒன்றை எடுத்தால் அதற்குக் குறையாத மதிப்புடைய வேறொன்றை வைக்க. உணவுப்பண்டம் வைத்தலும், குழி தோண்டிப் புதைத்தலும் ஆகா. பின்னர்ப் பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தவாறே மறைத்து விடுக. புதிதாக ஒரு பெட்டி வைப்போர் நிலத்துக்குரியோரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

இவ்விறுதிச் செயலையே பெற்றோர் கவனித்தல் வேண்டும். பெட்டிக்குப் பூட்டுமில்லை, காவலுமில்லை. தாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவருக்காக முன் வந்தவர் அதனைப் பேணி வைத்தமையாலேயே அது நமக்குக் கிட்டியது.

எப்பிங் காடும் அவ்வாறே நமக்கு எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் அதனை வேலியிட்டு அடைத்தனர். விறகு வெட்டும் பழைய உரிமையை விடாத லோட்டன் கிராமத்தவர் சிலர் 1866இற் சிறை புகுந்தனர். இலண்டன் மாநகரசபை தொடுத்த வழக்கில் 1874இல் வேலியடைப்புச் சட்டவிரோதமெனத் தீர்ப்பாயிற்று. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை வேலியும் கட்டிடமுமின்றிக் காக்குமாறு விதித்தது. அன்று சிறை சென்ற ஏழைகள், கீழைத்தேயத்துப் பிள்ளைகள் ஒருநாள் அம்மர நிழலில் ஓடித் திரிவர் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு கோலிக்குண்டோ பொத்தானோதான். எனினும் அதனைத் திரும்ப மூடி, இலைச்சருகை முன்போற் பரப்பும் பொறுப்பை வீட்டின் இளைய பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அவசரப்படுத்தாமல் அருகே காத்திருங்கள்.