பிறரைப் பேணுவோரைப் பேணுவது யார்? பலெர்மோவிலிருந்து ஒரு பார்வை

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், நோயாளர்களையும் முதியோரையும் பேணும் பொறுப்பு இரு பிரிவினரிடம் உள்ளது. ஒரு பிரிவினர் மருத்துவமனைத் தாதியர். மற்றொரு பிரிவினர் முதியோரின் வீடுகளிலேயே பணிபுரியும் பராமரிப்பாளர்கள். 1980களிலிருந்து அங்கு குடியேறிய இலங்கைத் தமிழர்கள் பலருக்கு வீட்டுப் பணியும் பராமரிப்புப் பணியுமே வாழ்வாதாரமாகின. இரு பிரிவினரும் சுமக்கும் மன அழுத்தம் ஏறத்தாழ ஒரே தன்மையுடையது. ஆனால் சட்டம் இருவரையும் ஒன்றாகக் கருதவில்லை.

தாதியரின் மனநலம் குறித்த விவாதங்களில் அண்மைக் காலமாக 'தன் மீதான பரிவு' என்ற கருத்து முன்வைக்கப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டு இதற்கு மூன்று கூறுகளை வகுத்தார். தன்னைக் கடிந்துகொள்ளாமல் கனிவுடன் நடத்துதல், துன்பமும் தவறும் மனிதர் அனைவருக்கும் பொதுவானவை என உணர்தல், வேதனையை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் எதிர்கொள்ளுதல் ஆகியவையே அவை.

நோயாளியின் நலனே முதன்மையானது எனப் பயிற்றுவிக்கப்பட்ட தாதியருக்கு இது எளிதன்று. களைப்பைக் கூடத் தமது குறையாகக் கருதும் மனப்போக்கு இத்தொழிலில் பரவலாகக் காணப்படுகிறது.

எனினும், சுமை முழுவதையும் தனிமனித மனத்தின் மீது ஏற்றிவிட முடியாது. பணிச்சோர்வு ஒரு நோயன்று, அது முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வரையறுத்தது.

சட்டத்தின் எல்லை

இத்தாலியில் ஆயிரம் பேருக்குரிய தாதியர் எண்ணிக்கை, வளர்ந்த நாடுகளின் சராசரியை விடக் கணிசமாகக் குறைவு. மருத்துவமனைகளில் ஊழியர்கள் தாக்கப்படுவதும் தொடர்கிறது. இதனைத் தடுக்க 2020ஆம் ஆண்டு தண்டனைகளைக் கடுமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2024 செப்டம்பரில் தென் இத்தாலியின் ஃபோஜா நகர மருத்துவமனையில் ஊழியர்கள் தாக்கப்பட்டதை அடுத்து, அரசு மேலும் ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது.

பணியிடப் பாதுகாப்பு குறித்த 2008ஆம் ஆண்டுச் சட்டம், பணி சார்ந்த மன அழுத்தத்தை மதிப்பிட வேண்டிய கடமையையும் வேலை வழங்குவோர் மீது சுமத்துகிறது. பலெர்மோவின் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் வீட்டுப் பணியாளர்களை அச்சட்டம் தனது வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையை 2013ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்ட நாடு இத்தாலி என்பது குறிப்பிடத்தக்கது.

வீட்டுக்குள் மறையும் சுமை

மறதி நோயால் பாதிக்கப்பட்ட முதியவரோடு இரவும் பகலும் தங்கியிருக்கும் பராமரிப்பாளருக்கு, பணியை மாற்றிக்கொள்ளவோ மனந்திறந்து பேசவோ சக ஊழியர் எவரும் இல்லை. அவரது சொந்தப் பெற்றோர் தொலைதூரத்தில் முதுமையடைந்து வருகின்றனர். இத்தாலியில் பராமரிப்புப் பணியாற்றித் திரும்பிய பெண்களிடம் கண்ட மனச்சோர்வுக்கு, உக்ரைன் நாட்டு மனநல மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டில் 'இத்தாலி நோய்க்குறி' என்றே பெயரிட்டனர்.

பலெர்மோ தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராக நம்பப்படும் புனித ரோசாலியாவின் மலைக்கோயிலுக்கு, கிறிஸ்தவர்களுடன் இந்துக்களும் சென்று வழிபடுகின்றனர். அங்கு மன்றாடுவதோடு, தம்மைப் போன்ற பிறரைச் சந்திக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டுகிறது.

நெஃப் கூறும் இரண்டாவது கூறு இங்குதான் முக்கியத்துவம் பெறுகிறது. துன்பம் பொதுவானது என்பதை உணர, அதைப் பகிர்ந்துகொள்ள மனிதர்கள் வேண்டும். அவர்களைச் சந்திக்க ஓய்வு நேரம் வேண்டும். மருத்துவமனையில் போதிய ஊழியர்கள் இல்லாதவரையிலும், வீட்டுப் பராமரிப்பாளரைச் சட்டம் காணாதவரையிலும், 'உங்கள் மீதே பரிவு கொள்ளுங்கள்' என்ற அறிவுரை அவர்களுக்கு மேலும் ஒரு கடமையாகவே அமையும்.