எண்ணெய் படியாத கைகள்

அண்மையில் கொழும்பில் நடைபெற்ற திருமண வைபவமொன்றில் பந்தியில் அமர்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவரின் பார்வை எனது வலது கையிலேயே நிலைத்திருந்தது. அரச சேவையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர் அவர். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாத கறுப்பு எனது நகக்கண்களில் படிந்திருந்தது. விடயத்தைக் கேட்டறிந்த பின்னர் அவர் சொன்னார்: "உமக்கேன் தம்பி இந்த வேலை? காரைக் கராஜில விட்டிட்டு வீட்டில இருந்து பேப்பர் வாசியுமன். படிச்ச மனுசர் செய்யிற வேலையே இது?"

படித்த மனிதர் செய்கின்ற வேலையா என்ற அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பத்தி பதில்.

என்னிடம் இருப்பது 1970ஆம் ஆண்டுத் தயாரிப்பான எம்.ஜீ. மிட்ஜெட். இரண்டு ஆசனங்கள், துணிக்கூரை, 1275 சீசீ இயந்திரம், இரட்டை எஸ்.யூ. காபுரேற்றர்கள். விளையாட்டுக் கார் என்றவுடன் கோடீசுவரர்களின் நினைவு வருவோருக்கு ஒரு விளக்கம். 1961 முதல் 1979 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இந்தக் கார், சாதாரண சம்பளக்காரர்களுக்காகவே தயாரிக்கப்பட்டது. 1974 வரை அதற்குப் பொருத்தப்பட்ட இயந்திரம், நமது ஊர்களில் மூலைக்கு மூலை ஓடித்திரிந்த மொறிஸ் மைனரின் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஏ சீரிஸ்' எனப்படும் அக்குடும்பத்தின் பல உதிரிப்பாகங்கள் இன்றும் இலங்கையில் கிடைப்பதற்கு மைனர்களே காரணம். மலையகத்தில் ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு இருப்பிடமாகக் கிடந்த காரை, 2011இல் ஒரு பத்திரிகையாளனின் சேமிப்புக்குள் அடங்கும் விலைக்கு வாங்கினேன்.

வாங்கிய முதல் இரண்டு வருடங்கள் நானும் அந்தப் பெரியவரைப் போலவே நடந்துகொண்டேன். பொனற்றைத் திறந்ததில்லை. விளைவைச் சொல்கிறேன்.

கண்டிக்குச் செல்லும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் திடீரென மூச்சை விட்டது. பின்னால் பாரமேற்றிய லொறியொன்று. வளைவில் நின்றுவிட்ட, இடுப்புயரமே உள்ள காரை லொறிச்சாரதி கண்டது கடைசிக் கணத்தில். பக்கத்து ஆசனத்தில் எனது மகள் இருந்தாள். அந்தப் பிறேக் சத்தம் இன்றும் காதில் கேட்கிறது. இருபது நிமிடங்கள் ஒதுங்கி நின்ற பின்னர் கார் எதுவுமே நடவாதது போல இயங்கியது.

கராஜில், "காபுரேற்றர் பிழை ஐயா" என்றார்கள். இரண்டையும் கழற்றிப் புதிய பாகங்கள் பூட்டினார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் நின்றது. "அப்ப பெற்றோல் பம்தான்" என்றார்கள். பம் மாறியது. மீண்டும் நின்றது. "கொயில் சூடாகுது போல" என்றார்கள். கொயிலும் மாறியது. மூன்று பில்கள். மூன்றையும் கூட்டினால் எனது ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சியது. கார் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெட்கத்தை விட்டு, பழைய கைநூலொன்றுடன் நானே இறங்கினேன். பெற்றோல் இயந்திரம் இயங்கத் தேவையானவை சிலவே: எரிபொருள், காற்று, அமுக்கம், உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி. நின்றுபோன இயந்திரத்தில் இவற்றில் எது இல்லை என்று தேடுவதே பழுதறிதல். ஆனால் கார் நின்ற அந்தக் கணத்திலேயே தேட வேண்டும். ஆறிய பின்னர் கராஜுக்குக் கொண்டு செல்வது, காய்ச்சல் விட்ட பிறகு வைத்தியரிடம் போவதைப் போன்றது.

வேண்டுமென்றே ஏற்றங்களில் ஓட்டினேன். நின்றது. தீப்பொறிக் கட்டையைக் கழற்றி இயந்திர உடலோடு தொட்டுப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தபோது நீலப்பொறி தெளிவாகப் பாய்ந்தது. ஆகவே கொயில் குற்றவாளியல்ல. கட்டையின் முனை உலர்ந்திருந்தது. ஆகவே எரிபொருள் வரவில்லை. காபுரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, சாவியைத் திருப்பினேன். பம் திணறியது, சொட்டுச் சொட்டாகவே வந்தது. ஆகவே காபுரேற்றர்களும் குற்றமற்றவை. மிஞ்சியது பம்மும், அதற்குப் பின்னாலுள்ள தாங்கியும். பம்மோ புதியது. தாங்கியின் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. மறுகணம் குழாயில் பெற்றோல் துடிப்போடு பாய்ந்தது.

பெற்றோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்காகவே மிட்ஜெட்டின் மூடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. காருக்கிருந்த பழைய மூடி தொலைந்தபோது கராஜ்காரர்கள் பூட்டிக்கொடுத்தது துவாரமற்ற வேறொரு வாகனத்தின் மூடி. தாங்கிக்குள் வெற்றிடம் உருவாகி, அதிக எரிபொருள் தேவைப்படும் ஏற்றத்தில் பம் தோற்றுப்போயிருக்கிறது. சற்று நேரம் நின்றால் கசிவுகளின் வழியே காற்று உட்புகுந்து நிலைமை சீராகியிருக்கிறது. மூன்று பில்களுக்கும், ஒரு பிள்ளையின் உயிருக்கு வந்த ஆபத்துக்கும் காரணம் ஒரு மூடி. கண்டுபிடிக்க எனக்கு ஆன செலவு ஒரு போத்தல்.

இங்கே நான் குற்றஞ்சாட்டுவது அந்தக் கராஜை மட்டுமன்று. ஊகத்தைச் சரிபாராமல் பாகத்தை மாற்றுவதும், வதந்தியைச் சரிபாராமல் செய்தியாக்குவதும் ஒரே வகைக் குற்றம். பின்னதைச் செய்யும் நிருபரை ஆசிரியபீடம் கண்டிக்கும். முன்னதைச் செய்பவருக்கோ நாம் காசு கொடுத்து நன்றியும் சொல்கிறோம். மாற்றுவதற்கு முன், "ஐயா, இது பிழை என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தப் பில்களில் இரண்டேனும் மிஞ்சியிருக்கும். கேட்பதற்கு எனக்கு அறிவு போதவில்லை. அறிந்துகொள்வது கௌரவக் குறைவு என்று எண்ணியிருந்தேன்.

அந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது? 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியிலிருந்து வந்தது. பேனா பிடிக்கும் கை உயர்ந்தது, சாவி பிடிக்கும் கை தாழ்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதன் அடியில் சாதியின் நாற்றமும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் அதே யாழ்ப்பாணம் தொண்ணூறுகளில் என்ன செய்தது? 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் அருமருந்தாகியது. ஐம்பதுகளின் ஒஸ்ரின் கேம்பிறிஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலில் கிளப்பி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அது இயந்திர எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும் என்பதும், பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளாவிட்டால் இயந்திரம் தட்டும் என்பதும் அந்த மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருந்தது. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை அந்தக் கார்கள். பட்டம் பெற்ற நாங்கள் பின் ஆசனத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தோம். அந்தக் காலத்தைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறோம். எண்ணெய் படிந்த அந்தக் கைகளைப் பற்றி எத்தனை பத்திகள் எழுதினோம்?

"அது பழைய கார், இன்றைய கார்களில் எல்லாம் கணினி, உரிமையாளர் தொட முடியாது" என்பது அடுத்த வாதம். இது பாதி உண்மை. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலும், 2001 முதல் ஐரோப்பாவின் புதிய பெற்றோல் கார்களிலும் பழுதைத் தானே பதிவுசெய்யும் ஒழுங்கு கட்டாயமாக்கப்பட்டது. ஸ்ரியறிங்கின் கீழுள்ள பொருத்தியில் ஒரு சிறு கருவியைச் செருகினால் குறியீட்டை யாரும் வாசிக்கலாம். ஆனால் குறியீடு சொல்வது அறிகுறியை, காரணத்தையல்ல. 'பி0171' என்றால் கலவையில் எரிபொருள் குறைவு என்று அர்த்தம். உடனே ஒட்சிசன் உணரியை மாற்றுவோர் உண்டு. வெடித்துப்போன ஒரு காற்றுக்குழாயே காரணமாக இருக்கலாம். கருவி மாறியிருக்கிறது, சிந்திக்கும் கடமை மாறவில்லை.

மீதிப் பாதிக்குப் பொறுப்பு உற்பத்தியாளர்கள். எனது மிட்ஜெட்டின் காலத்தில் உரிமையாளருக்குக் கொடுக்கப்பட்ட கைநூலிலேயே வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பற்றவைப்பு முனைகளின் இடைவெளி 0.015 அங்குலம் என்று அளவுகளும், சரிசெய்யும் முறையும் அச்சிடப்பட்டிருந்தன. இன்று அத்தகவல்கள் கடவுச்சொற்களுக்குப் பின்னால் பூட்டப்படுகின்றன. சில கார்களில் பற்றரியை மாற்றினால்கூட அதைக் கணினிக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012இலும், மீண்டும் 2020இலும், பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பாதுகாப்பையும் இணையத் தாக்குதல் அபாயத்தையும் காட்டி உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். அந்த அபாயம் கற்பனையன்று. ஆயினும் திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனிடம் சாவியைக் கொடுக்க மறுப்பது எந்த ஊர் நியாயம்?

இலங்கையில் இது ஆடம்பரப் பிரச்சினையும் அன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து வருடங்கள் இருந்ததைப் பேணியே காலந்தள்ளினோம். கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் வாசகர்களுக்கோ, பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு தின்னும் இரும்பும், மணித்தியாலக் கணக்கில் எழுதப்படும் கூலிப் பில்லும் நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அரைகுறை அறிவு உயிரைக் கொல்லும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுப்பவன் மூடன். பிறேக்கைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவன் அதைத் தொடலாகாது. எனது காரின் கியர்ப்பெட்டியை இன்றும் நல்ல மெக்கானிக் ஒருவரே பார்க்கிறார். ஆனால் அவர் என்னோடு பேசும் விதம் மாறியிருக்கிறது. என்ன பழுது, எப்படிக் கண்டறிந்தார் என்பதைச் சொல்கிறார். கழற்றிய பாகத்தைக் கையில் தருகிறார். கேள்வி கேட்கத் தெரிந்த உரிமையாளரால் நேர்மையான தொழிலாளிக்கு நட்டமில்லை. நட்டப்படுபவர் மற்றவர்.

ஆகவே எல்லோரும் இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை எண்ணெயும் நீரும் பாருங்கள். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாத 'டொட் 4' எண்ணெய்க்கு, ஈரமேறிய பின் தரநிர்ணயம் கோரும் எல்லை 155 பாகை மாத்திரமே. நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். மிட்ஜெட் போன்ற பழைய கார் வைத்திருப்போர் முன்சில்லுகளின் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடியுங்கள். அடிக்காவிட்டால் அவை இறுகிவிடும். பில்லைக் கையில் வாங்கினால் வாசியுங்கள். பாகத்தை மாற்ற முன் காரணத்தைக் கேளுங்கள்.

அந்தப் பெரியவருக்குப் பந்தியில் நான் பதில் சொல்லவில்லை. பாயாசம் வந்துவிட்டது. சாப்பிட்டு முடிந்து வெளியே வந்தபோது அவரது புத்தம்புதிய வாகனம் கிளம்ப மறுத்து நின்றது. சாரதி கைபேசியில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தான். பொனற்றைத் திறக்கச் சொன்னேன். பற்றரியின் ஒரு முனை தளர்ந்து, வெண்மையாகப் பூத்திருந்தது. துடைத்து இறுக்கியதும் இயந்திரம் கிளம்பியது.

பெரியவர் கைகுலுக்கக் கையை நீட்டினார். பிறகு எனது கையைப் பார்த்துவிட்டுத் தனது கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.